மதியம் ஆனால் பிரஷர் இறங்கிவிடுகிறது, பம்ப் போய்விட்டதா?

பேலர்காரன் எழுதியது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் பழைய காகிதம், அட்டை வாங்கும் யார்டு ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் அட்டையைப் படுக்கை வாக்கில் அமுக்கிக் கட்டாக்கும் பேலர் ஒன்று இருக்கிறது. 22 கிலோவாட் மோட்டார், 45 சிசி பிஸ்டன் பம்ப், பிரஷர் காம்பன்சேட்டர் உள்ள வகை. சிலிண்டர் போர் (உள்விட்டம்) 160 மில்லி. எண்ணெய் விஜி 46. மெஷின் பிளேட்டில் 180 பார் என்று போட்டிருக்கிறது.

காலையில் ஓட்டினால் ராம் (அட்டையை அமுக்கும் தள்ளுபலகை) கடைசியில் போய் நிற்கும்போது கேஜ் 180 காட்டுகிறது. பதினோரு மணிக்கு மேல் 150. சாப்பிட்டு வந்து பார்த்தால் 120 தான். கட்டு தளர்வாக வருகிறது, லாரியில் ஏற்றும்போதே பிதுங்குகிறது. வாங்குகிற பார்ட்டி எடை குறைகிறது என்று சத்தம் போடுகிறார். டேங்க் தெர்மாமீட்டரில் மதியம் 64 டிகிரி.

இன்னொரு சந்தேகம். ராம் முன்னே போகிறபோது கேஜ் 30, 35 தான் காட்டுகிறது. அதுவும் கோளாறா?

சர்வீஸ் கம்பெனியிலிருந்து வந்தவர் கேஜைப் பார்த்தார், பம்ப்பில் காது வைத்துக் கேட்டார், "பம்ப் தேய்ந்துவிட்டது, மாற்றணும்" என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி விலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். மாற்றுவதற்கு முன் நான் என்ன பார்க்கலாம்? என்னிடம் இருப்பது கிளாம்ப் மீட்டர், வெப்பம் பார்க்கிற கன், சாதாரண டூல்ஸ்.

---

துவாஸ் ஃபிட்டர் எழுதியது:

சூடானதும் பிரஷர் விழுந்தால் பம்ப் தான் லா. பத்து மெஷினில் எட்டு அப்படித்தான். மாற்றிவிடுங்கள், நிம்மதி.

---

எண்ணெய்க்கை எழுதியது:

தம்பி பேலர்காரன், கொட்டேஷனை மடித்து டிராயரில் வையுங்கள். இப்போதைக்குத் தேவை இல்லை.

ஜூரோங்கில் பவர் பேக் ரிப்பேரிலேயே தலை நரைத்தவன் நான். எங்கள் வொர்க்ஷாப்புக்கு "பம்ப் போச்சு" என்று வருகிற பம்ப்களைப் பெஞ்சில் ஏற்றி ஓட்டினால் நல்லபடியாக ஓடுகிறவை நிறைய. கழற்றிய கூலி, புது எண்ணெய், நின்றுபோன வேலை எல்லாம் தண்டம். பழைய கோளாறு மெஷினிலேயே உட்கார்ந்திருக்கும்.

முதலில் உங்கள் 35 பார் சந்தேகத்தை முடித்துவிடுவோம். அது கோளாறே இல்லை. பம்ப் எண்ணெயைத் தள்ளும், அவ்வளவுதான். அந்த எண்ணெய்க்கு வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அவ்வளவுதான் பிரஷர். ராமுக்கு முன்னால் வெறும் அட்டை தளர்வாகக் கிடக்கும்போது ராமைத் தள்ள 35 போதும், அதனால் 35. அட்டை இறுக இறுக ஏறும். ராம் நின்றதும் எண்ணெய் போக இடம் இல்லை, உச்சத்துக்குப் போகும். அதனால் யாராவது "பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டால் முதல் பதில், "எந்த நேரத்தில்?" என்பதுதான். ஓடும்போது எடுத்த ரீடிங்கையும் நிற்கும்போது எடுத்த ரீடிங்கையும் ஒரே தாளில் எழுதிக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

120 பார் என்றால் என்ன என்பதும் தெரிய வேண்டும். 160 மில்லி போருக்கு பரப்பு 201 சதுர சென்டிமீட்டர். 180 பாரில் சுமார் 37 டன் அமுக்கம். 120 பாரில் 25 டன்னை எட்டாது. கட்டு பிதுங்காமல் என்ன செய்யும்?

அடுத்து, கேஜை நம்பாதீர்கள். மெஷினை நிறுத்திப் பிரஷரை விட்டபிறகு ஊசி பூஜ்யத்தில் வந்து உட்காருகிறதா? இல்லை என்றால் நீங்கள் இதுவரை எழுதிய எண்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. டெஸ்ட் பாயிண்டில் வேறொரு நல்ல கேஜ் போட்டு ஒப்பிடுங்கள். 0-250 பார் கிளிசரின் கேஜ் உங்களுக்குச் சரி. கையில் கிடைத்தது என்று 0-600 கேஜ் போட்டால் 20 பார் வித்தியாசம் ஊசியில் சரியாகத் தெரியாது. ஊசி நடுங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், காற்று கலந்த எண்ணெய் அப்படித்தான் ஆட வைக்கும். டேங்க் கண்ணாடியில் நுரை தெரிகிறதா, பம்ப் கூழாங்கல் அரைப்பதுபோல் சத்தம் போடுகிறதா என்றும் பாருங்கள். உறிஞ்சும் பக்கம் அடைத்திருந்தால் சத்தம் வேறு, கூர்மையாக ஊளையிடும். பெரும்பாலான பிஸ்டன் பம்ப்கள் நுழைவாயிலில் 0.8 பார் அப்சலூட்டுக்குக் கீழே போனால் தாங்காது. அதாவது 0.2 பார் வாக்குவம் என்பதே எல்லை. ஆனால் காலையில் 180 வருகிறது என்பதால், உங்கள் கேஸில் சக்‌ஷனை நான் கடைசியில்தான் வைப்பேன். அடைப்பு என்றால் எண்ணெய் கெட்டியாக இருக்கும் காலையில்தான் அதிகம் படுத்தும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மதியம் 120 காட்டுகிற நேரத்தில், ராம் முட்டி நிற்கும்போது, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? காலையில் 180 காட்டும்போது எத்தனை? இந்த இரண்டு எண்ணும் எனக்கு வேண்டும். உங்கள் பம்ப் காம்பன்சேட்டர் வகை. 180ஐ எட்டியதும் தன் ஸ்ட்ரோக்கை, அதாவது ஒரு சுற்றில் தள்ளும் எண்ணெய் அளவை, தானே குறைத்துக்கொண்டு, பிரஷரை மட்டும் பிடித்து வைக்கிற அளவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடும். அப்போது மோட்டார் கிட்டத்தட்ட சும்மா சுற்றும்.

அப்புறம் கேஸ் டிரெயின். பம்ப் உடலிலிருந்து டேங்க்குக்குப் போகும் மெல்லிய ஹோஸ். அதை டேங்க் பக்கம் கழற்றி ஒரு வாளியில் விட்டு, ராம் முட்டி நிற்கும்போது ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்த ஹோஸை அடைக்கக் கூடாது. அடைத்து ஓட்டினால் ஷாஃப்ட் சீல் பிதுங்கிவிடும், அப்புறம் நிஜமாகவே பம்ப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்.

---

மின்னல் 415 எழுதியது:

எலக்ட்ரிக்கல் ஆள் என்ற முறையில் ஒன்று. ஆம்பியர் அதிகமாக இருந்தால் பம்ப் வேலை செய்கிறது, அதாவது பம்ப் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் பம்ப் தேய்ந்துவிட்டது. சுலபம்.

---

எண்ணெய்க்கை எழுதியது:

மின்னல், பாதி சரி, மீதி ஆபத்து. மோட்டார் இழுப்பது பிரஷரையும் பம்ப்பின் ஸ்ட்ரோக்கையும் பொறுத்தது. அந்த எண்ணெய் உருப்படியாக சிலிண்டருக்குப் போகிறதா, பம்ப்பின் உள்ளேயே தேய்ந்த இடுக்கு வழியாகக் கசிந்து கேஸ் டிரெயினில் போகிறதா என்று மோட்டாருக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர்தான் காட்டும். அதனால் ஆம்பியரை மட்டும் வைத்து பம்ப்புக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

அது நமக்குச் சொல்வது வேறொன்று. பிரஷர் 120, ஆம்பியரும் குறைவு என்றால், பம்ப் 120இலேயே ஸ்ட்ரோக்கைக் குறைத்துக்கொண்டுவிட்டது. காம்பன்சேட்டரின் ஸ்ப்ரிங், அட்ஜஸ்ட்மென்ட், அழுக்கு, இவற்றில் ஒன்று. அல்லது பம்ப்புக்கு எண்ணெயே போதவில்லை. பிரஷர் 120, ஆனால் ஆம்பியர் அதிகம் என்றால், உங்கள் 45 சிசி பம்ப் முழு ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 65 லிட்டரும் தள்ளிக்கொண்டிருக்கிறது, அந்த 65 லிட்டர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. போக நாலே வழி: கேஸ் டிரெயின், பிரஷர் அளவு மீறினால் எண்ணெயை டேங்க்குக்குத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வ், ராமை முன்னும் பின்னும் திருப்பும் டைரக்‌ஷனல் வால்வ், சிலிண்டர் பிஸ்டன் சீல்.

---

சேஃப்டி அக்கா எழுதியது:

இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். ஹோஸைக் கழற்றும் முன் ஐசொலேட்டரை ஆஃப் செய்து உங்கள் பூட்டு, உங்கள் பெயர் அட்டை போடுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். பிரஷரைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் அதை வடித்துவிட்டு, கேஜ் பூஜ்யம் என்று பார்த்தபிறகுதான் ஸ்பேனர். பேலர் அறைக்குள் தலையைக்கூட நீட்டக் கூடாது. ஓடும்போது கசிவு தேட வேண்டுமென்றால் ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், கையால் தடவாதீர்கள். ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலுக்குள் புகுந்தால் ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காது. அதனால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு டார்மிட்டரிக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய காயம் அது. 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. "அவசரம், சும்மா கழற்று" என்று யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

---

பேலர்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, பூட்டுப் போட்டுத்தான் செய்தேன், சூப்பர்வைசரும் கூட இருந்தார்.

கேஜ் விஷயம் அண்ணன் சொன்ன மாதிரியே. நிறுத்தினாலும் ஊசி 8இல் நிற்கிறது. பக்கத்து யார்டில் ஒரு 0-250 கேஜ் கடன் வாங்கி டெஸ்ட் பாயிண்டில் போட்டேன். அதில் காலையில் 176, மதியம் 113. ஆகக் கேஜ் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது, ஆனால் விழுவது நிஜம். ஊசி நடுங்கவில்லை. நுரை இல்லை. சத்தமும் எப்போதும் போலத்தான்.

ராம் முட்டி நிற்கும்போது ஆம்பியர்: காலை 16, மதியம் 28.

கேஸ் டிரெயின் மதியம் சூட்டில் ஒரு நிமிடத்துக்கு 1.8 லிட்டர்.

இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மதியம் 28 பார்த்ததும் மோட்டார் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். மோட்டார் பிளேட்டில் 41 ஆம்பியர் என்று இருக்கிறது.

---

எண்ணெய்க்கை எழுதியது:

தம்பி, அருமையான ரீடிங். இந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு கோப்பி ஓ குடிக்கத் தோன்றியது.

படித்துக் காட்டுகிறேன். காலையில் 176, 16 ஆம்பியர். பம்ப் காம்பன்சேட்டர் செட்டிங்கை எட்டி, ஸ்ட்ரோக்கைக் குறைத்துக்கொண்டு அமைதியாக நிற்கிறது. ஆரோக்கியமான பம்ப் செய்ய வேண்டியதைச் செய்கிறது. மதியம் 113, 28 ஆம்பியர். காம்பன்சேட்டர் இன்னும் 176க்காகக் காத்திருக்கிறது, 113இல் ஏன் குறைக்கும்? அதனால் முழு ஸ்ட்ரோக்கில் தள்ளுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாரை லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட். 113 பெருக்கல் 65, வகுத்தல் 600, ஏறத்தாழ 12 கிலோவாட். பம்ப், மோட்டார் நஷ்டத்தைச் சேர்த்தால் 28 ஆம்பியர் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ராம் நகரவில்லை. அப்படியானால் அந்த 12 கிலோவாட் என்ன ஆகிறது? முழுவதும் சூடு. வீட்டு பாத்ரூமில் இருக்கிற 3.3 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் நாலை உங்கள் டேங்க்கில் போட்டு ஆன் செய்த மாதிரி. சூடு ஏற ஏற எண்ணெய் இளகும், இளக இளகக் கசிவு கூடும், பிரஷர் இன்னும் விழும். விஜி 46 எண்ணெயின் பிசுக்கு எண் 40 டிகிரியில்தான் 46. 60ஐத் தாண்டினால் பாதிக்கும் கீழே போய்விடும். "மதியம் ஆனால்" என்று நீங்கள் எழுதினீர்களே, வெயில் மேல் பழி போட வேண்டாம். இங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெயிலில் ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம்.

கேஸ் டிரெயின் 1.8. உங்கள் பம்ப் 65 லிட்டர் தள்ளுகிறது, இது அதில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. 65இல் பத்து சதவீதத்தை நெருங்கி 6 லிட்டர் வந்திருந்தால் நானே "மாற்றுங்கள்" என்று சொல்லியிருப்பேன். ஒரு விஷயம், பம்ப் ஸ்ட்ரோக்கைக் குறைத்து நிற்கும்போது கன்ட்ரோல் எண்ணெயும் இதே வழியாக வரும். அதனால் காலையில் அளந்தால் எண் கொஞ்சம் கூடத் தெரியலாம். அதைப் பார்த்துப் பயப்படாமல் பம்ப் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

ஆக, 65இல் 2 லிட்டர் கூடக் கேஸ் வழியாகப் போகவில்லை. மீதி 63 லிட்டர் மற்ற மூன்று வழிகளில் ஒன்றில் போகிறது. உங்களிடம் வெப்பம் பார்க்கிற கன் இருக்கிறது, எதையும் கழற்ற வேண்டாம். எண்ணெய் பிரஷரோடு ஒரு இடுக்கில் பிதுங்கி டேங்க்குக்கு விழுந்தால் 100 பாருக்கு ஏறக்குறைய 6 டிகிரி சூடாகும். மதியம் ராமை முட்ட வைத்து, ரிலீஃப் வால்விலிருந்து டேங்க்குக்குப் போகும் பைப், டைரக்‌ஷனல் வால்வின் ரிட்டர்ன் பைப், சிலிண்டரின் ராட் பக்க ஹோஸ், மூன்றிலும் சூடு பாருங்கள். பளபளக்கும் பைப்பில் கன் பொய் சொல்லும். கறுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டி அதன்மேல் பாருங்கள்.

---

துவாஸ் ஃபிட்டர் எழுதியது:

சரி அண்ணே, என் எட்டில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் லாரி டெயில் லிஃப்ட்டில் கியர் பம்ப். அதில் கேஸ் டிரெயினே கிடையாதே, எதை அளப்பது?

---

எண்ணெய்க்கை எழுதியது:

கியர் பம்ப் உள்ளே கசிவது சக்‌ஷன் பக்கமே திரும்பிவிடும், வெளியே தெரியாது. அங்கே ஃப்ளோ மீட்டர் தான் வழி. அவுட்லெட்டில் போட்டு, பிரஷர் இல்லாமல் எத்தனை லிட்டர், லோடு வால்வை மூடிக்கொண்டே வந்து வேலைப் பிரஷரில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். லோடு ஏற்றியதும் ஃப்ளோ பெரிதாக விழுந்தால் பம்ப் தேய்ந்தது. மீட்டர் இல்லை என்றால் தட்டு மேலே ஏற எடுக்கும் நேரத்தைக் காலியாகவும் லோடோடும் எடுத்து ஒப்பிடலாம், ஓரளவுக்குச் சொல்லும். டெயில் லிஃப்ட் என்பதால் பேட்டரி வோல்டேஜையும் சேர்த்துப் பாருங்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றினாலும் இதே மாதிரிதான் தெரியும்.

---

பேலர்காரன் எழுதியது:

அண்ணே, கறுப்பு டேப் ஒட்டிப் பார்த்தேன். டேங்க் 63. ரிலீஃப் பைப் 70. டைரக்‌ஷனல் வால்வ் ரிட்டர்ன் 57. ராட் பக்க ஹோஸ் 55. கன்னை வைப்பதற்கு முன்பே காது கேட்டது, ரிலீஃப் பைப்பில் சன்னமாக ஒரு சீறல். இத்தனை நாள் அது பம்ப் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சூப்பர்வைசர் அனுமதியோடு மெஷினைப் பூட்டி, பிரஷரை விட்டு, ரிலீஃப் வால்வ் கார்ட்ரிட்ஜைக் கழற்றினோம். வெள்ளைத் தட்டில் வைத்து டீசலில் கழுவினேன். பைலட் பாப்பெட் (வால்வின் உள்ளே திறந்து மூடும் சின்ன மூடி) உட்காருகிற இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு வெள்ளை நூல். இழுத்தால் நீண்டுகொண்டே வந்தது. டெஃப்லான் டேப்.

போன முறை வந்த சர்வீஸ் ஆள் மெஷின் கேஜை மாற்றினார். அந்த கேஜைக் கழற்றிப் பார்த்தோம், திரெட் முழுக்க வெள்ளை டேப், முனையில் கிழிந்து தொங்குகிறது. அது இருப்பது ரிலீஃப் வால்வுக்கு ஒரு சாண் தூரத்தில், அதே பிளாக்கில்.

சீட்டில் கீறல் இல்லை. புது ஓ-ரிங் போட்டு மாட்டினோம். கூலர் விசிறிக்கு முன்னால் காகிதத் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது, அதையும் ஊதிவிட்டோம். இன்று மதியம் மூன்று மணிக்கு: 176 பார், 16 ஆம்பியர், டேங்க் 52 டிகிரி. கட்டில் ஏறி நின்று குதித்தாலும் அசையவில்லை. முதலாளி கொட்டேஷனைக் கேட்கவே இல்லை.

இரண்டு கேள்வி. கேஜுக்கு டேப் வேண்டாம் என்றால் என்ன போடுவது? ரிலீஃப் வால்வை எவ்வளவில் வைப்பது? கழற்றும்போது ஸ்க்ரூ எத்தனை சுற்று என்று குறித்துவைத்தேன், அதே இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

---

எண்ணெய்க்கை எழுதியது:

இணைத் திரெட் கேஜ் என்றால் பாண்டட் சீல் வாஷர் (ரப்பர் ஒட்டிய உலோக வாஷர்), இல்லையேல் செம்பு வாஷர். சீல் செய்வது வாஷர், திரெட் இல்லை. கூம்புத் திரெட் என்றால் ஹைட்ராலிக்குக்கான திரவ சீலன்ட், முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு. ஹைட்ராலிக்கில் வெள்ளை டேப் வேலைக்கு ஆகாது. தேக்கா பக்கம் ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லோரும் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள்.

ரிலீஃப் செட்டிங் காம்பன்சேட்டரை விட 15, 20 பார் மேலே இருக்க வேண்டும். 176க்கு 195 பக்கம், ஆனால் மெஷின் மேனுவல் சொல்லும் உச்ச வரம்பைத் தாண்டாமல். சரிபார்க்க காம்பன்சேட்டரை மெதுவாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். பிரஷர் எங்கே ஏறாமல் நின்று ஆம்பியர் குபுக்கென்று எகிறுகிறதோ அதுதான் ரிலீஃப் திறக்கும் இடம். குறித்துக்கொண்டு காம்பன்சேட்டரைத் திரும்ப இறக்கிவிடுங்கள். மாற்றி வைத்தால், அதாவது ரிலீஃப் கீழே, காம்பன்சேட்டர் மேலே என்று வைத்தால், டேப் இல்லாமலே இதே சூடு திரும்ப வரும். நைட் ஷிஃப்ட்டில் யாராவது "கொஞ்சம் பவர் கூட்டலாம்" என்று ஸ்க்ரூவைத் திருகுகிற பழக்கம் இருந்தால் இரண்டு லாக் நட்டிலும் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள்.

ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி எலிமென்டை வெட்டிப் பாருங்கள். அந்த நூலுக்கு அண்ணன் தம்பிகள் அங்கே இருப்பார்கள். 8இல் நிற்கிற கேஜைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலாளியிடம் புதிதாக ஒன்று கேளுங்கள், மிச்சப்படுத்தியதில் தரலாம். பக்கத்து யார்டு கேஜைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் திரெட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.